எதிர்வுகூறலிற் பயிலும் ஐயச்சொற்கள்

கல்முனையிலிருந்து மேற்கே நற்பிட்டிமுனையூடாகச் செல்லும் வீதி கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பகுதியை அடைகின்றது. மாரிகாலத்தில் அத்தாம்போதியின் மேலாக வெள்ளம் பாய்வதும் போக்குவரவு தடைப்படுவதும் அவ்வூரார் நன்கறிந்தவை. அக்கரையில் வயல் செய்யும் உழவன் கார்த்திகை மாதத்துக் காலைப்பொழுதிற் கேட்கும் வினா ஒன்றே: 'தண்ணீர் மேவுமா?' ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தற்கு இயலாத வினா அது. காலையிற் பொருந்திய விடை நண்பகலிற் பொருந்தாது. மேற்கே பெய்யும் மழையும், குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படுதலும், நீர் கடலை நோக்கி வடியும் வேகமும் நாழிகைதோறும் மாறுவன. ஆகவே அவனுக்கு வேண்டுவன இரண்டு. வெள்ளம் வருதற்கு எவ்வளவு இடமுண்டு என்பது ஒன்று; அவ்விடம் கூடுகின்றதா குறைகின்றதா என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் ஆங்கிலம் ஒரு சிறு தொடரில் அடக்கிவிடுகின்றது. 'இன்கிறீசிங்லி லைக்லி' என்று ஆங்கில அறிக்கையொன்று கூறுமாயின், நிகழ்ச்சி நேர்தற்குப் பெரிதும் இடமுண்டு என்பதும், அவ்விடம் நேற்றினும் இன்று மிகுந்துள்ளது என்பதும், நாளை இன்னும் மிகலாம் என்பதும் அதனுள் அடங்கும். 'லெஸ் அண்ட் லெஸ் லைக்லி' என்பது எதிர்த்திசையிற் செல்லும். வானிலையியலின் உலகப் பொதுமொழி ஆங்கிலமாயிருத்தலின், இத்தொடர்கள் தமிழறிக்கைகளின் வாயிலாகக் கிட்டங்கி உழவனையும் மருதமுனை மீனவனையும் வந்தடைய வேண்டியிருக்கின்றது. வழியில் அவை இழப்பன யாவை என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பை நோக்கின் சுவையான செய்தி ஒன்று வெளிப்படும். 'சான்ஸ்' என்பது விழுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகத் தோன்றியது; பகடை விழும் விதம் அதன் பழம்பொருள்களுள் ஒன்று. 'ஒட்ஸ்' பந்தயக்காரர் சொல். 'ரொஸ்-அப்' நாணயத்தைச் சுண்டுவோர் சொல். 'ஒன் த கார்ட்ஸ்' சீட்டைக்கொண்டு குறி கூறுவோர் வழக்கிலிருந்து வந்ததென்பர். சூதாடுகளத்திற் பிறந்த சொற்கள் பல பின்னர்ப் பாராளுமன்றத்திலும் வானிலை நிலையத்திலும் மதிப்புடன் அமர்ந்துகொண்டன. தமிழிற் 'பூவா தலையா' என்பது இன்னும் விளையாட்டுத் திடலை விட்டு வெளியேறவில்லை என்பது ஒருவாறு நன்றே. 'ப்ரொபபிள்' என்னும் சொல்லோ, சான்றோர் ஆராய்ந்து ஏற்கத்தக்கதெனக் கொண்ட கருத்துக்கு அடையாய் வழங்கியது. 'லைக்லி' இவற்றினும் எளிய குடிப்பிறப்புடையது. ஒத்திருத்தல் என்னும் பொருளுடைய 'லைக்' அதன் வேர். வரப்போவதுபோன்ற தோற்றமுடையது எதுவோ அதுவே 'லைக்லி' ஆயிற்று. 'மழை வரும்போல இருக்கிறது' என்று கூறும் தமிழனும் அதே அடியில் நின்றே கூறுகின்றான். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளும் ஐயத்தைக் கூறுதற்கு உவமையையே நாடின. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 'லைக்லி' தன் வேரை மறந்து வெறும் அளவுச்சொல்லாகிவிட்டது. 'போல' என்பது மறக்கவில்லை. 'வரும்போல' என்று கூறுவோன் கருமுகிலையோ காற்றின் மாற்றத்தையோ தன் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டும். யாதும் காணாது அங்ஙனம் கூறுவானாயின் 'எதைக்கொண்டு சொல்கிறாய்?' என்னும் வினா உடனே எழும்.

எதிர்வுகூறல் ஓர் அரசாங்கத் தொழிலான வரலாறும் சொல்லைப்பற்றிய தயக்கத்தோடேயே தொடங்கியது. 1861ஆம் ஆண்டிலே இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் நாளாந்த வானிலைக் கூற்றுகளை வெளியிடத் தொடங்கிய கடற்படைத் தலைவர் ஃபிற்ஸ்றோய், தீர்க்கதரிசனம் என்னும் பொருள்படும் சொற்களை விலக்கி, முன்னோக்கி எறிதல் என்று பொருள்படும் 'ஃபோர்காஸ்ற்' என்னும் சொல்லை வேண்டுமென்றே தெரிந்தெடுத்தார். ஐக்கிய அமெரிக்காவில் 1870களின் தொடக்கத்தில் அத்தகைய அறிக்கைக்குப் 'ப்ரொபபிலிற்றீஸ்' என்பதே பெயர். அதனை வெளியிட்ட கிளீவ்லண்ட் அபி என்பாரைப் பொதுமக்கள் 'கிழட்டு ப்ரொபபிலிற்றீஸ்' என்று அன்புடன் கேலிசெய்தனர். 1876இல் அப்பெயர் அறிகுறிகள் என்று பொருள்படும் சொல்லாக மாறியது. 1889இலேயே 'ஃபோர்காஸ்ற்' என்பது அங்கு நிலைபெற்றது. மேற்கு அவுஸ்திரேலியாவிற் பணியாற்றிய குக் என்பவர் 1906இல், தம் கூற்றுகளின் அருகே ஒன்று முதல் ஐந்து வரையான எண்களை இட்டு, எக்கூற்றைத் தாம் எவ்வளவு உறுதியாக நம்புகின்றார் என்பதை உணர்த்த முயன்றார். கூறுவோன் தன் ஐயத்தின் அளவையும் உடன் கூறுதல் கடமை என்னும் எண்ணம் அவ்வெண்களில் இருந்தது. 1965இல் அமெரிக்க வானிலைப் பணியகம் மழைக்கான நிகழ்தகவை நாடு முழுவதற்கும் நூற்றுவீதமாக வெளியிடத் தொடங்கியது அதன் தொடர்ச்சியே.

ஆங்கிலத் தொடர்கள் துல்லியமானவை என்று கருதுவோர் ஷேர்மன் கென்ற் 1964இல் எழுதிய கட்டுரையை நோக்குதல் வேண்டும். அமெரிக்க உளவுத்துறையில் மதிப்பீடுகளை எழுதுவித்த பேராசிரியர் அவர். 1951ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்றிலே, யூகோஸ்லாவியாமீது படையெடுப்பு நிகழ்தல் 'சீரியஸ் பொசிபிலிற்றி' எனக் கருதப்படவேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. அத்தொடருக்கு எவ்வளவு பொருள் என்று வினவப்பட்டபோது, தாம் நூற்றுக்கு 65 என்று கருதியதாகக் கென்ற் விடையிறுத்தார். வினவியவரோ அதனிலும் மிகக் குறைந்த அளவையே எண்ணியிருந்தார். பின்னர்த் தம்முடன் அவ்வறிக்கையை ஆராய்ந்து ஒப்பமிட்டவர்களைக் கேட்டபோது, அவர்களின் விடைகள் நூற்றுக்கு 20 முதல் 80 வரை விரிந்து கிடந்தன. ஒரே சொல்லுக்கு ஒரே அறையில் அமர்ந்திருந்த அறிஞர் கொண்ட பொருள்கள் இவை! காலநிலை மாற்றத்தை ஆராயும் அரசுகளிடைக் குழு இத்தொல்லையை நீக்குதற்கு அளவுகோல் ஒன்றை வகுத்தது. 2010இன் நெறிமுறைப்படி 'லைக்லி' என்றால் நூற்றுக்கு 66க்குக் குறையாதது; 'வெரி லைக்லி' 90க்குக் குறையாதது; 'அன்லைக்லி' 33க்கு மேற்படாதது. இக்கடைசி எண்ணை நினைவில் நிறுத்துதல் நன்று. அது பின்னர் வேண்டப்படும்.

எண்களும் முற்றிலும் காப்பன அல்ல. மழைக்கு நூற்றுக்கு 30 என்னும் கூற்றை ஐந்து மாநகரங்களின் மக்கள் எங்ஙனம் விளங்கினர் என்னும் ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. நியூயோர்க்கிலேயே பெரும்பாலோர் அதனை உரிய பொருளில், அதாவது அத்தகைய நாட்கள் பத்தில் மூன்றில் மழை பெய்யும் என்று கொண்டனர். ஐரோப்பிய நகரங்களிற் பலர் நாளின் 30 வீத நேரம் மழை என்றோ, நிலப்பரப்பின் 30 வீதத்தில் மழை என்றோ கொண்டனர்.

இனி, மாறுதலைக் குறிக்கும் அடையை நோக்கின் அங்கும் ஒரு மயக்கம் உண்டு. 'மோர் அண்ட் மோர் லைக்லி' என்னும்போது மாறியது எது? ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்தமையால் வெள்ளம் அண்மித்திருக்கலாம், உலகம் மாறிற்று. அன்றி, நீர் முன்னிருந்தபடியே இருக்க, மேற்கிலிருந்து புதிய செய்தி ஒன்று கிடைத்திருக்கலாம், அறிவு மாறிற்று. ஆங்கில அடை இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. 1978 நவெம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கித் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்ட சூறாவளி போன்ற ஒன்றை எண்ணுக. வங்காள விரிகுடாவில் நெடுந்தொலைவில் நிற்கும் சூறாவளிக்குத் தமிழகக் கரை, யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என வழிகள் பல. அது நெருங்க நெருங்க ஓர் ஊருக்கு இடம் கூடும், மற்றையவற்றுக்குக் குறையும். திருகோணமலைக்கு 'லெஸ் லைக்லி' ஆகும் அதே நாழிகையிற் கல்முனைக்கு 'மோர் லைக்லி' ஆகின்றது. முதல் நாள் அறிக்கையை மட்டும் கேட்டவன் எவ்வூரானாயினும் ஏமாறுவான்.

இத்தொடர்கள் தமிழில் எவ்வுருப் பெறுகின்றன? 'மழை பெய்யக்கூடும்', 'மழை பெய்யலாம்', 'மழைக்கான சாத்தியம் காணப்படுகின்றது' என்னும் மூன்றுமே ஈழத்தில் மிகப் பயில்வன. தமிழகத்தில் 'வாய்ப்பு' என்பது சாத்தியத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. 'கூடும்', 'ஆம்' இரண்டனுள் எது வலிது என்று கேட்பின் ஆசிரியர் இருவர் இருவேறு விடை கூறுவர். 'ஆம்' ஈறு இசைவையும் உணர்த்துவதாதலின் 'மீனவர் நாளை கடலுக்குச் செல்லலாம்' என்னும் தொடர் அனுமதியா ஐயமா என்பது இடம்நோக்கியே அறியப்படும். 'சாத்தியம்' வடசொல், செய்து முடிக்க இயல்வது என்பதே அதன் பொருள். இயல்வது வேறு, நிகழத் தக்கது வேறு. 'வாய்ப்பு' என்பதோ நன்மை கைகூடுதலைக் குறிக்கும் சொல். 'புயலுக்கு வாய்ப்பு', 'உயிரிழப்புக்கு வாய்ப்பு' என்று பத்திரிகைகள் எழுதும்போது புயலை வாழ்த்தி வரவேற்பதுபோன்ற ஒலி எழுகின்றது. கணிதநூலார் வழங்கும் 'நிகழ்தகவு' குற்றமற்ற சொல்லெனினும் வகுப்பறையை விட்டுக் கரைவலை இழுக்கும் இடத்துக்கு இன்னும் வரவில்லை. கல்முனைக்குத் தெற்கே அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்து, 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் மண்ணிலேயே இந்நிலை என்பது கருதத்தக்கது.

மாறுதலைக் குறிக்குமிடத்துத் தமிழறிக்கையின் தளர்ச்சி இன்னும் மிகுதி. 'மழை அதிகரிக்கும் சாத்தியம்' என்பதும் 'மழைக்கான சாத்தியம் அதிகரிக்கின்றது' என்பதும் வேறு வேறு பொருளின. முன்னதில் மிகுவது மழை. பின்னதில் மிகுவது மழைபற்றிய எதிர்பார்ப்பு. விரைந்து மொழிபெயர்ப்போர் கையில் இரண்டும் 'அதிக மழைக்கான சாத்தியம்' என்று ஒன்றாகிவிடும்.

எனினும் குறை மொழியினது அன்று. 'மழை வரப்பார்க்கிறது' என்னும் பேச்சு வழக்கிலே, நிகழ்ச்சி தொடங்க முயல்கின்றது, இன்னும் முற்றவில்லை, திரும்பியும் போகலாம் என்னும் மூன்றும் அடங்கியுள்ளன. 'கூடி வருகின்றது', 'குறைந்துகொண்டு போகின்றது' என வரும் துணைவினைகள், மாறுதல் பேசுவோனை நோக்கி வருகின்றதா அவனை விட்டு நீங்குகின்றதா என்பதையும் உணர்த்துவன. 'இன்கிறீசிங்லி' என்னும் அடைக்கு அவ்வாற்றல் இல்லை. இலக்கண நூலாரும் இப்பொருளை அறியாதவரல்லர். தொல்காப்பியர் 'கொல்' என்னும் இடைச்சொல்லை ஐயப்பொருட்டாக வகுத்தார். அஃது உரைநடையில் வழக்கொழிந்தமை ஓர் இழப்பே. நன்னூலார் காலம் மயங்கி வருதற்குக் கூறும் காரணங்களுள் விரைவு, மிகுதி, தெளிவு என்பன உள. மிகுதிக்கு உரையாசிரியர் காட்டுவது கள்வர் மலிந்த காட்டைப்பற்றிய கூற்று: அதனுட் புகுவோன் ஆடை பறிகொடுத்தான் என்று, இன்னும் புகாதவனைப்பற்றி இறந்தகாலத்தாற் கூறுவர். பெரும்பாலும் அங்ஙனமே நிகழ்தலால் அவ்வழக்கு அமைந்தது. இன்று 'வெரி லைக்லி' என்று அளந்து கூறுவதை அவர் வினைமுற்றின் காலத்தை மாற்றியே கூறினர். தெளிவுக்குக் காட்டுவது எறும்பு. முட்டையைச் சுமந்துகொண்டு அது மேட்டில் ஏறுதலைக் கண்டவன், பெய்யாத மழையைப் பெய்ததாகவே கூறுவான். அறிகுறி, அதனாற் பிறந்த உறுதி, அவ்வுறுதிக்கேற்ற வினைவடிவு என்னும் ஒழுங்கு ஓர் எதிர்வுகூறல் நிலையத்துக்கும் பொருந்துவதே. இவற்றுள் மிகுதியையும் தெளிவையும் வேறுபடுத்தியமை, பலகால் நிகழ்தலாற் கூறுவதும் கண்முன் உள்ள குறியாற் கூறுவதும் ஒன்றல்ல என்பதை அவர் உணர்ந்திருந்தமையைக் காட்டும்.

இடையே ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களில் முஸ்லிம் மக்கள் நாளைய செயலைப்பற்றிக் கூறும்போது 'இன்ஷா அல்லாஹ்' என்பர். நாளை செய்வேன் என்று இறைவன் நாட்டத்தைச் சேர்க்காது கூறலாகாது என்னும் குர்ஆனின் கட்டளையைத் தழுவிய வழக்கு இது. அயலார் சிலர் இதனை ஐயச்சொல்லென்றும், வருவேன் என்பதன் வலியைக் குறைப்பதென்றும் பிழைபடக் கொள்வர். அது நிகழ்ச்சியின் அளவைக் கூறுவதன்று. நிகழ்ச்சி எவன் ஆட்சியில் உள்ளது என்பதைக் கூறுவது. இந்துக்கள் 'அவன் செயல்' என்பதும் இத்தகையதே. நூற்றுக்கு 99 உறுதியுடைய செயலோடும் அது சேரும். வானிலை அறிக்கையின் 'கூடும்' என்பதை இதனோடு ஒருங்குவைத்து, 'எல்லாம் இறைவன் கையில், இவர்களுக்கும் தெரியாது' என்று தள்ளிவிடுதல் இரண்டு சொற்களுக்கும் இழைக்கும் தீங்காகும்.

எல்லாவற்றினும் இடர் பயப்பது எதிர்மறை. ஆங்கிலத்தில் 'லைக்லி' என்பதன் எதிர்மறை 'அன்லைக்லி'. ஐயத்தின் அளவு குறையுமேயன்றி ஐயம் ஒழியாது. தமிழிற் 'கூடும்' என்பதை எதிர்மறையாக்கினாற் 'கூடாது' ஆகும். 'வெள்ளம் வரக்கூடாது' என்பது எதிர்வுகூறல் அன்று. விருப்பம் அல்லது விலக்கு. இவ்வழி அடைபட்டமையால் மொழிபெயர்ப்போர் 'சாத்தியமில்லை' என்பதை நாடுகின்றனர். அதனைக் கேட்போன் கொள்ளும் பொருள் 'வரவே வராது' என்பதே. மேலே நினைவில் நிறுத்தப்பட்ட எண் ஈண்டு வேண்டப்படுகின்றது. 'அன்லைக்லி' என்பது நூற்றுக்கு 33 வரை செல்லும். மூன்றில் ஒன்று வரை இருக்கக்கூடிய ஆபத்து, ஒரு சொல்லை மாற்றியதாற் சுழியமாகிவிடுகின்றது. பரீட்சைத் தாளில் இப்பிழைக்கு இரண்டு புள்ளி குறையும். கடற்கரையில் இதன் விலை வேறு.

2004 டிசெம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணிநேரத்துட் கடல் கல்முனைக் கரையை ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று பிழையான சொல் வந்ததன்று, எச்சொல்லும் வரவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கு அப்போது இருக்கவுமில்லை. பின்னர் அது அமைக்கப்பட்டது; இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் நிறைவேறியது. 2012 ஏப்பிரில் 11 பிற்பகலிற் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவான பெருநில அதிர்ச்சி நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்நாடு நோக்கிச் சென்றனர். கடலடித்தட்டு பெரிதும் பக்கவாட்டில் வழுக்கியமையாற் பேரலை எழவில்லை; சில மணிநேரத்தின் பின் எச்சரிக்கை நீக்கப்பட்டது.

அச்சில மணிநேரமே மொழிக்குச் சோதனைக் காலம். தொடக்கத்தில் ஆபத்துக்குப் பெரிதும் இடமுண்டு. கடல்மட்ட அளவீடுகள் வந்து சேரச் சேர அது குறைகின்றது. ஆயினும் முற்றாக நீங்கவில்லை. 'வரும்' என்று அறிவித்தால், வராதபோது அறிவித்தவன் பொய்யன் ஆவான். அடுத்த முறை எவரும் எழுந்து ஓடார். (தமிழர் வழக்கு இவ்விடயத்தில் மிகப் பெருந்தன்மையுடையது: பெய்யாதபோது 'மழை பொய்த்தது' என்று மழையையே குற்றஞ்சாட்டும். பேரலைக்கு அச்சலுகை கிடைப்பதில்லை.) இடைநேரத்திற் 'சாத்தியமில்லை' என்று அறிவித்தால், மக்கள் அந்நாழிகையிலேயே வீடு திரும்புவர், அளவீடு பிழைத்திருந்தால் அவர்களை மீண்டும் அழைப்பதற்கு நேரம் இராது. 'வரக்கூடும்' என்பதையே முதலிலிருந்து கடைசிவரை மாற்றாது கூறினாலோ, கூடுவதும் குறைவதும் அறியப்படா.

இவ்விடத்துக்கு ஏற்ற தமிழ் வடிவம் வீட்டு முற்றத்திலேயே இருக்கின்றது. 'வந்தாலும் வரும்' என்பதே அது. இலக்கண நூலார் உம்மைக்குக் கூறும் பொருள்களுள் எதிர்மறை ஒன்று. ஒருவன் வருதற்கும் உரியன் என்னும்போது, வாராமைக்கும் உரியன் என்பது தானே பெறப்படும் என்பர். 'வந்தாலும் வரும்' என்போன், வாராது என்பதே தன் எதிர்பார்ப்பு எனினும், கதவை முற்றாகச் சாத்திவிடவில்லை. 'அன்லைக்லி' என்பதற்கு இதனினும் நெருங்கிய சொல்லை அகராதியில் தேடவேண்டியதில்லை. அலுவலக நடைக்கு இது பொருந்தாது, பேச்சு வழக்கு என்று தள்ளுவோர் உளர். எழுத்துநடையிற் 'வருதல் அரிது. எனினும் வருதற்கும் இடமுண்டு' என்று எழுதினால் அக்குறையும் நீங்கும். இரண்டு சொல் மிகுதியாவதை எண்ணி அஞ்சுதல் வேண்டாம். எச்சரிக்கையைக் கேட்போர் சொற்களின் எண்ணிக்கைக்காக முறைப்பாடு செய்வதில்லை.

கிட்டங்கித் தாம்போதிக்கு ஒருநாள் மும்முறை அறிவித்தல் எழுதவேண்டியவர் பின்வருமாறு எழுதலாம். காலையில்: 'தாம்போதியில் நீர் மேவுதல் இன்று அரிது, எனினும் மேவினாலும் மேவும், அக்கரை செல்வோர் பகலில் மீண்டும் விசாரித்துக்கொள்க.' நண்பகலில்: 'மேற்கில் மழை வலுத்துள்ளது, நீர் மேவுதற்கான இடம் காலையினும் கூடி வருகின்றது, மாலைக்குள் மேவும் என்றே எதிர்பார்க்கப்படுகின்றது.' பிற்பகலில்: 'நீர் விளிம்பைத் தொட்டுவிட்டது. தாம்போதி மூடிற்று என்றே கொள்க.' கடைசி வாக்கியத்தை எழுதும்போது தாம்போதி உண்மையில் இன்னும் மூடப்பட்டிராது.